தோட்டத்தில் பறக்கும் பூச்சிகளைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொல்லை மூன்று சென்ட்கூட இருக்காது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் இரண்டு வாழை, வேலியில் படர்ந்த தூதுவளை, சுவரோரம் துளசி, அவ்வளவுதான். பத்து ஆண்டுகளாக இந்த இடத்தில்தான் பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்து வருகிறேன். படங்களைப் பார்த்த நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேமரா பற்றிய கேள்விகளே அதிகம் வரும். ஆனால் பூச்சி எந்த வழியாக வருகிறது, எங்கே வேகம் குறைகிறது என்பது தெரியாமல் எந்தக் கேமராவும் உதவாது. விடைகளில் அதைத்தான் மீண்டும் மீண்டும் சொல்லியிருப்பேன்.

பூவில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிடலாமே, பறக்கும்போது எடுக்க ஏன் இத்தனை பாடு?

உட்கார்ந்த பூச்சியில் பாதிதான் தெரியும். வண்ணத்துப்பூச்சி சிறகை மடித்தால் மேற்புற நிறம் மறைந்துவிடும். பொறிவண்டின் மெல்லிய பின்சிறகுகள் மேலோட்டின் அடியில் மடிந்து கிடக்கும். அது ஓட்டைத் தூக்கிப் பறக்கும் நொடியில்தான் அவை வெளிப்படும். முருங்கைப் பூவுக்கு வரும் கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீ, உட்கார்ந்திருந்தால் வெறும் கறுப்பு உருண்டை. பறக்கும்போது சிறகில் வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் பச்சையும் ஓடும். தேனீ பூவை நெருங்கும்போது ஆறு கால்களையும் முன்னே நீட்டித் தொங்கவிடும் கோலத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அதைப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த ஒரு படத்துக்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது.

எந்தப் பூச்சியில் தொடங்கலாம்?

பலரும் வண்ணத்துப்பூச்சியில் தொடங்குகிறார்கள். பெரிதாக இருக்கிறது, மெதுவாகப் பறக்கிறது, எனவே எளிது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் கடினம். அதன் பாதை மேலும் கீழுமாகத் துள்ளித் துள்ளிப் போகும். அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பறவையிடமிருந்து தப்பப் பயன்படும் அந்தத் துள்ளல் நம் லென்ஸிடமிருந்தும் அதைத் தப்ப வைக்கிறது.

மலர் ஈயில் தொடங்குங்கள். கொத்தமல்லி, கீரை, துளசி பூத்திருந்தால் கட்டாயம் வரும். மஞ்சளும் கறுப்பும் வரிவரியாக, சின்னத் தேனீயைப் போலவே இருக்கும். ஆனால் தேனீக்கு நான்கு சிறகு, ஈக்கு இரண்டே சிறகு. கொட்டாது. காற்றில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கும், சட்டென்று ஒரு சாண் நகரும், மறுபடி நிற்கும். நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடி நமக்குப் போதும். இதன் புழுக்களில் பல அசுவினிப் பூச்சியைத் தின்று வளர்பவை. அதனால் அவரையில் அசுவினி கண்ட வீட்டுக்கு இது விருந்தாளி.

அடுத்தது கருவண்டின் ஆண். முருங்கையைச் சுற்றியோ கொட்டகை விட்டத்தின் அருகிலோ ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்று காவல் காக்கும். வேறு எது வந்தாலும், நாமே போனாலும், முகத்துக்கு நேரே வந்து நின்று பார்க்கும். பயப்பட வேண்டாம், ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. விரட்டிவிட்டுத் திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும் என்பதால் காத்திருந்து எடுக்க மிகவும் ஏற்றது.

மூன்றாவது தட்டான். தண்ணீர்த் தொட்டி ஓரம் காய்ந்த குச்சி ஒன்றை நட்டு வையுங்கள். பல வகைத் தட்டான்கள் ஒரே குச்சியில் உட்கார்ந்து, பறந்து போய் இரை பிடித்து, மறுபடி அதே குச்சிக்கு வரும். பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கித்தான் அமரும். ஆகவே அது எந்தப் பக்கமிருந்து வந்து இறங்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். குச்சியிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

பூச்சி வரும் இடமும் நேரமும் எப்படித் தெரியும்?

கேமரா இல்லாமல் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே செடி, அரை மணி நேரம், மூன்று நாள். எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

எங்கள் வேலித் தூதுவளையில் நடப்பதைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கெல்லாம் ஊதாப் பூக்கள் விரிந்திருக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் சின்ன வாழைச் சீப்புபோல் கூம்பி நிற்கும். இந்தப் பைகளில் மகரந்தம் தானாகக் கொட்டாது. நுனியில் ஊசித்துளை மட்டுமே உண்டு. அடுக்குத் தேனீக்கு இந்தப் பூவைத் திறக்கத் தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் வானநீலக் கோடுகள் கொண்ட அந்தச் சின்னத் தேனீ, பூவுக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும். பிறகு மகரந்தப் பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைக்கும். அதுவரை கேட்ட ரீங்காரம் திடீரென்று உச்ச ஸ்தாயிக்கு ஏறும். மகரந்தம் மஞ்சள் புகைபோல் அதன் வயிற்றில் கொட்டும். பூவை விட்டு இறங்கி, மறுபடி அந்தரத்தில் நின்று, கொட்டியதைக் கால்களால் வாரிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

இதில் படத்துக்கான தருணங்கள் இரண்டு: பூவின் முன் நிற்கும் கணம், விட்டு விலகி மகரந்தம் வாரும் கணம். ஒலி ஏறும்போதே விரல் பொத்தானுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் ஒலி நின்றவுடன் அது கிளம்பும். காதால் கேட்டுப் படமெடுப்பது என்றால் இதுதான். கத்தரி, தக்காளிப் பூக்களிலும் இதே காட்சியைப் பார்க்கலாம்.

இந்தத் தேனீயின் ஆண்கள் மாலையில் ஒரு காய்ந்த குச்சியில் வரிசையாகக் கூடி, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு தூங்கும். எங்கள் வீட்டில் துளசியின் பட்டுப்போன கிளை ஒன்றை அதற்காகவே வெட்டாமல் விட்டிருக்கிறேன். முந்தின மாலையே இடம் தெரிந்துவிடுகிறது. மறுநாள் வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாக உடலைச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பும். கிளம்பும் காட்சியைப் பிடிக்க இதைவிட எளிய இடம் தோட்டத்தில் இல்லை.

செல்பேசியில் எடுக்க முடியுமா?

நிற்கும் மலர் ஈ, கருவண்டு, மெதுவாகப் பூச்சுற்றும் வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றை நல்ல வெயிலில் எடுக்கலாம். செல்பேசி லென்ஸை மிக அருகே கொண்டுபோக வேண்டியிருப்பதுதான் தடை. கையின் நிழல் விழுந்ததுமே பூச்சி போய்விடும். இரட்டை, மும்மடங்கு உருப்பெருக்க லென்ஸ் உள்ள பேசியானால் அதைப் பயன்படுத்தி ஒரு முழம் தள்ளி நின்று எடுங்கள்.

இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் குழப்பம் வராது. பெரும்பாலான செல்பேசிகள் காட்சியை வரி வரியாகப் பதிவு செய்கின்றன; மேல்வரி பதிவானதற்கும் கீழ்வரி பதிவானதற்கும் இடையில் சிறகு இடம் மாறிவிடுவதால், அது ரப்பர்போல் வளைந்து தெரியும். சில கேமராக்களில் சத்தமில்லாத மின்னணு ஷட்டரை வைத்து எடுத்தாலும் இதே கோளாறுதான். அங்கே இயந்திர ஷட்டருக்கு மாறிவிடுங்கள். மற்றொன்று, மெதுவசைவு வீடியோ. நொடிக்கு 230 முறை சிறகடிக்கும் தேனீயை நொடிக்கு 240 படம் எடுக்கும் வீடியோவில் பிடித்தால், சிறகு நிதானமாகப் பின்னோக்கி அடிப்பதுபோல் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோன்ற தோற்றம் அது; தேனீ அப்படிப் பறப்பதில்லை.

என்ன கேமரா, என்ன லென்ஸ் வாங்கலாம்?

கையில் இருக்கும் கேமராவே போதும். லென்ஸ் மாற்றக்கூடிய எந்தக் கேமராவும், பழையது வாங்கினால்கூட, இந்த வேலைக்கு ஆகும். லென்ஸில் 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ, அதாவது அருகில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் லென்ஸ், நல்லது. பணம் குறைவென்றால் தூரத்தில் இருப்பதை எடுக்கும் 70-300 மி.மீ. டெலி லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நீட்டுக்குழாய் என்னும் வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தினால் அருகில் ஃபோகஸ் ஆகும். தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அதுவே மேக்ரோவைவிட வசதி, தள்ளி நின்று எடுக்கலாம் என்பதால். 50 மி.மீ. மேக்ரோ வேண்டாம், பூச்சியின் மேல் விழுந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

முக்காலியை நான் பயன்படுத்துவதில்லை. முருங்கைக் கம்பு ஒன்றை ஊன்றி அதில் இடக்கையைச் சாய்த்துக்கொள்கிறேன்.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

பூச்சியைப் பொறுத்தது. ஷட்டர் திறந்திருந்து ஒளியை உள்ளே விடும் நேரத்தைத்தான் ஷட்டர் வேகம் என்கிறோம்; 1/1000 என்றால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். ஐரோப்பியத் தேனீயின் முன்சிறகு சுமார் 9 மி.மீ. நீளம். ஒரு வீச்சுக்குக் கிட்டத்தட்ட 90 பாகை திரும்புகிறது என்றால் சிறகின் நுனி 14 மி.மீ. நகர்கிறது, மேலும் கீழுமாக ஒரு முழு அடிப்புக்கு 28 மி.மீ. நொடிக்கு 230 அடிப்பு என்றால் நுனி ஒரு நொடியில் ஆறரை மீட்டர் போகிறது. ஆகவே 1/1000 நொடியில் அது ஆறரை மி.மீ. நகர்ந்துவிடும். சிறகே 9 மி.மீ. தானே? படத்தில் சிறகு இருக்காது, ஒரு புகைதான் இருக்கும். 1/4000 வைத்தாலும் ஒன்றரை மி.மீ. கலங்கல். 1/20000 போனால்தான் 0.3 மி.மீ. ஆகி, சிறகின் நரம்புகள் தெரியத் தொடங்கும்.

தட்டான் நொடிக்கு 30, 40 முறைதான் அடிக்கிறது. வண்ணத்துப்பூச்சி 10 முறை அளவில். இவற்றுக்கு 1/2000 முதல் 1/3200 வரை தாராளம். காலை வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) 800, லென்ஸின் துளை எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), வேகம் 1/2500 என்று தொடங்கி, வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்குங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும், விழட்டும். கலங்கிய படத்தைத் திருத்த வழியில்லை, புள்ளியைக் குறைக்க வழி உண்டு.

அந்த 1/20000 எப்படிக் கிடைக்கும்? என் கேமராவில் 1/4000 தான் உச்சம்.

ஃப்ளாஷ். ஷட்டரைவிட ஃப்ளாஷ் வேகமானது என்பது பலருக்குத் தெரியாது. கேமரா மேல் பொருத்தும் சாதாரண ஃப்ளாஷ் முழு வலுவில் எரிந்தால் ஏறத்தாழ 1/1000 நொடி ஒளிரும். வலுவைக் குறைத்தால் ஒளி மங்குவதில்லை, எரியும் நேரம்தான் குறைகிறது. 1/16 வலுவில் சுமார் 1/10000 நொடி, 1/32 வலுவில் 1/20000 நொடிக்கு அருகில் வந்துவிடும். வகைக்கு வகை சற்று மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள்.

முறை இதுதான். வெயிலில் வேண்டாம், நிழலுக்குப் போங்கள். கேமராவில் 1/200 நொடி, எஃப் 11, ஐஎஸ்ஓ 200 வைத்து ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அது நன்றாக இருண்டு வர வேண்டும். இருண்டால்தான் ஃப்ளாஷ் ஒளி மட்டும் பூச்சியை வரையும். இருளாவிட்டால் ஃப்ளாஷ் வரைந்த கூர்மையான பூச்சியின் மேல், பகலொளி வரைந்த கலங்கல் பூச்சி ஆவிபோல் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஃப்ளாஷை 1/32 வலுவில் போடுங்கள். வலு குறைவு என்பதால் பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் ஃப்ளாஷ் இருக்க வேண்டும். கம்பியில் நீட்டி லென்ஸின் மூக்குக்கு மேலே கொண்டு வாருங்கள். வேகமான ஷட்டருக்கென்று ஃப்ளாஷில் இருக்கும் ஹை ஸ்பீடு சிங்க் வசதியை அணைத்துவிடுங்கள், அது ஃப்ளாஷை நீட்டி எரியவைப்பதால் நாம் தேடும் பலனையே கெடுத்துவிடும்.

ஃப்ளாஷ் முகத்தில் ட்ரேசிங் காகிதத்தை இரண்டு மடிப்பாகப் போட்டு, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டினால் ஒளி மென்மையாகும். தச்சுத் தேனீ போன்ற பளபளக்கும் பூச்சிகளுக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் முதுகில் வெள்ளைப் பொட்டு ஒன்று கண்ணை உறுத்தும். பின்னணி கறுப்பாகப் போவது பிடிக்காதவர்கள் பூவுக்கு ஒரு முழம் பின்னால் வாழை இலையைத் தொங்கவிடலாம்.

ஃபோகஸ் மட்டும் சரியாக வருவதே இல்லை. என்ன செய்வது?

நெருங்கிப் போவதை நிறுத்துங்கள். 35 மி.மீ. படச்சட்ட அளவுள்ள கேமராவில், பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் தகட்டில், விழவைத்தால், எஃப் 11 துளையில் தெளிவாக இருக்கும் ஆழம் 1.3 மி.மீ. தான். பாதி அளவுக்குப் பின்வாங்கினால் 4 மி.மீ. கால் அளவுக்குப் பின்வாங்கினால் 13 மி.மீ. பறக்கும் மலர் ஈ முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பிறகு படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் நானும் பூச்சி படத்தை நிறைக்க வேண்டும் என்று நெருங்கி நெருங்கிப் போய் ஓராண்டு வீணாக்கினேன்.

தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். பூவுக்கு முன்னால், தேனீ நிற்கும் இடம் என்று நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த ஒரு விரற்கடை தூரத்தில், ஒரு புல்லைப் பிடித்து அதில் ஃபோகஸ் செய்யுங்கள். புல்லை எடுத்துவிட்டு, கேமராவை அசைக்காமல் காத்திருங்கள். பூச்சி பக்கவாட்டில் வரும்படி நின்றால் உடல் முழுவதும் தெளிவாகும்; நேர்முகமாக வரும்போது கண் மட்டும் தெளிந்து வால் கலங்கும். கண் தெளிந்தால் போதும், அந்தப் படம் நிற்கும்.

சில புதிய கேமராக்களில் பொத்தானைப் பாதி அழுத்தியதும் படங்களை நினைவில் சேர்க்கத் தொடங்கி, முழுதும் அழுத்தும்போது முந்தைய சில கணங்களையும் சேமித்துத் தரும் வசதி இருக்கிறது. ஒலிம்பஸ் நிறுவனம் 2016இல் இதைக் கொண்டுவந்தது; மற்றவர்களும் தருகிறார்கள். தட்டான் குச்சியை விட்டுக் கிளம்பும் காட்சிக்கு இதுபோல் உதவி வேறில்லை. அது கிளம்பியதைக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் அது சட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

சிறகு கலங்கியிருந்தால் அந்தப் படம் தோல்விதானா?

இல்லை. உடலும் கண்ணும் கூர்மையாக இருந்து சிறகு மட்டும் விசிறிபோல் கலங்கியிருந்தால், அதில்தான் பறத்தல் தெரிகிறது. நரம்பு நரம்பாக உறைந்த சிறகோடு இருக்கும் தேனீ சில சமயம் நூலில் தொங்கவிட்ட பொம்மைபோல் ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்த என் படங்களில் பாதி 1/1000இல் எடுத்தவை.

வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தும் எடுங்கள். அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அறிகுறி என்பார்கள். மழைக்காலத்தில் அப்படி ஈசல் கிளம்பும் மாலையில் வாசல் விளக்கின் பக்கவாட்டில் நின்று, கறுத்த பின்னணி வைத்து, அரை நொடி திறந்துவிடுங்கள். ஒவ்வோர் ஈசலும் பொன்னிறத்தில் ஒரு முறுக்கு ஜரிகை இழையாகப் பதியும். இழையில் தெரியும் ஒவ்வொரு முடிச்சும் ஒரு சிறகடிப்பு. எண்ணிப் பார்த்தால் அது நொடிக்கு எத்தனை முறை அடித்தது என்றே சொல்லிவிடலாம்.

எத்தனை எடுத்தால் ஒன்று தேறும்?

எனக்கு நூற்றுக்கு இரண்டு. நல்ல நாளில் ஐந்து. மிச்சத்தை அன்றிரவே அழித்துவிடுவேன்.

எந்தப் பருவம், எந்த நேரம் நல்லது?

காலை ஏழு முதல் ஒன்பதரை வரை. ஒளி சாய்வாக வருவதால், பூச்சி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்படி நின்றால் சிறகு கண்ணாடிபோல் ஒளிரும். உச்சி வெயிலில் தட்டான்கள் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடலில் படும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும் வழி அது. அந்நேரம் நாமும் நிழலுக்குப் போய்விடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையின் இடைவெளிகளும் அதன்பின் தை, மாசியும் எங்கள் பக்கத்தில் செழிப்பான காலம். ஐப்பசியில் மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேல் சுற்றும். அவற்றில் பெரும்பாலானவை உலகெங்கும் அலையும் ஓர் இனம். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவை எளிதில் அமர்வதில்லை. டெலி லென்ஸில் தூரத்தை ஒரே அளவில் பூட்டிவைத்து, பூச்சியோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். கைவலிக்கும். ஆனால் கடலைத் தாண்டப் போகும் ஒரு தட்டான் நம் கிணற்றடிக்கு மேலே சிறகு விரித்து நிற்கும் படம் கிடைத்தால் அதை யாருக்குத்தான் காட்டாமல் இருக்க முடியும்?

பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மந்தமாகிவிடும், எடுப்பது எளிது என்கிறார்களே?

செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி அதே நிலையில் வெளியே வந்தால் எறும்புக்கும் பல்லிக்கும் இரை. சிறகு விறைத்த கோலத்தைப் பூச்சி தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அது பறக்கும் படமும் ஆகாது. பசையிட்டு ஒட்டுவது, நூலில் கட்டுவது, தட்டானின் வாலைப் பிடிப்பது எல்லாமே இதில் அடங்கும். சில வண்ணத்துப்பூச்சி இனங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சில வாரமே வாழும் ஓர் உயிரின் ஒரு காலைப்பொழுதை நம் படத்துக்காகப் பறிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தேனீ, குளவி கொட்டாதா?

பூவில் தேனெடுக்கும் தேனீ தன்னை நசுக்கினால் ஒழியக் கொட்டுவதில்லை. இத்தனை ஆண்டில் பூவருகே நான் வாங்கிய கொட்டு இரண்டு, இரண்டும் காலால் மிதித்ததால். சுவரில் மண்கூடு கட்டும் ஒல்லி இடைக் குளவியும் சாதுதான்; ஈரமண் உருண்டையைச் சுமந்து வரும் வழி மாறாது என்பதால் அது படத்துக்கு மிகவும் நல்லது.

கூட்டின் அருகே கதை வேறு. பெருந்தேனீயின் அடை, கதண்டுக் கூடு இருக்கும் மரத்தடிக்குக் கேமராவோடு போகவே வேண்டாம், ஃப்ளாஷ் அடிக்கவே வேண்டாம். கதண்டுகள் கூட்டமாகக் கொட்டி நம் ஊர்களில் உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டருகே கூடு இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். யாரையாவது கொட்டி உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

என்ன செடி வைத்தால் பூச்சி வரும்?

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் இரண்டும் முட்டையிட வரும். பெண் பூச்சி தளிர் தளிராகத் தொட்டு, சிறகை நிறுத்தாமலே வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டு நகரும்; வண்ணத்துப்பூச்சியைப் பறக்கும்போது எடுக்க அதுதான் நல்ல தருணம். வேலிக்கு வெளியே எருக்கு முளைத்தால் பிடுங்காதீர்கள், வெந்தய வரியன் அதில்தான் வளரும். இடமிருந்தால் கிலுகிலுப்பை விதை நான்கு ஊன்றுங்கள். அந்தச் செடியின் காய்ந்த பாகங்களிலும் விதைகளிலும் இருக்கும் ஆல்கலாய்டு என்னும் ஒருவகை வேதிப்பொருளைத் தேடி நீல வேங்கை, வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் மொய்க்கும். பெண்ணைக் கவரும் மணத்தை அவை அதிலிருந்துதான் ஆக்கிக்கொள்கின்றன. இட்லிப்பூவுக்குக் காலையிலும் அந்தியிலும் பருந்து விட்டில் வரும். தேன்சிட்டோ என்று ஐயுறும்படி அந்தரத்தில் நின்று நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விடும். வெளிச்சம் குறைந்த நேரம் என்பதால் அதற்கு ஃப்ளாஷ்தான் கதி.

செடிக்குப் பூச்சிமருந்து தெளித்துவிட்டுப் பூச்சி வரவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். புழு இலைகளைத் தின்றால் தின்னவிடுங்கள்.

பறக்கும் பூச்சியை முதன்முதலில் தெளிவாகப் படமெடுத்தவர் யார்?

பாரிஸில் உயிர்களின் அசைவைப் படமெடுத்து ஆராய்ந்த எத்தியென் ஜூல் மரேயின் உதவியாளராக இருந்த லூசியன் புல் 1904இல் மின் தீப்பொறியின் ஒளியைக் கொண்டு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்ற வேகத்தில் ஈயும் தட்டானும் பறப்பதைப் பதிவு செய்தார். தோட்டத்துப் பூச்சி தன் போக்கில் பறக்கும்போது வண்ணத்தில் கூர்மையாக எடுத்துக் காட்டியவர் என்றால் பிரிட்டனின் ஸ்டீஃபன் டால்டன். 1970களின் தொடக்கத்தில், பூச்சி குறுக்கே பறந்து ஓர் ஒளிக்கதிரை மறித்தவுடன் ஷட்டர் தானாகத் திறக்கவும் 1/25000 நொடியில் ஃப்ளாஷ் எரியவும் ஏற்பாடு செய்தார். கடையில் கிடைத்த ஷட்டர் திறப்பதற்குள் பூச்சி கடந்துபோனதால், வேகமாகத் திறக்கும் ஷட்டரையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. பூக்களுக்கு நடுவே ஒரு பூச்சி பறக்கும் அவருடைய படம் ஒன்று, 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் சுமந்து செல்லும் பொன்தட்டில் பதிந்திருக்கிறது. பூமி எப்படிப்பட்ட இடம் என்று வேற்றுலகத்தாருக்குக் காட்டத் தேர்ந்தெடுத்த நூற்றுச்சொச்சம் படங்களில் அதுவும் ஒன்று. 2012இல் சூரியக் காற்று எட்டும் எல்லையையும் தாண்டிவிட்ட வாயேஜர் 1இல் அந்தப் பூச்சி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

எடுத்த பூச்சியின் பெயரை எப்படித் தெரிந்துகொள்வது?

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடமும் நாளும் சேர்த்துப் பதிவேற்றினால் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். பறக்கும் அழகான படத்தோடு, உட்கார்ந்திருக்கும் சாதாரணப் படம் ஒன்றும் எடுத்து வையுங்கள். சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும் தெரிந்தால்தான் பல வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்தறிய முடியும். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவித்த தமிழ் மறவனை நான் இன்னும் கொல்லையில் பார்த்ததில்லை, அது மலைக்காடுகளின் பூச்சி.

எனக்குத் தோட்டமே இல்லை. மொட்டைமாடியில் நான்கு தொட்டிதான். போதுமா?

ரோஜாச் செடி இருக்கிறதா? இலைகளின் ஓரத்தைப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் வட்ட வட்டமாகத் துண்டு போயிருந்தால் புழு என்று நினைத்து மருந்தடிக்காதீர்கள், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலை ஓரத்தில் உட்கார்ந்து, தன் உடலையே கவராயம்போல் சுழற்றிச் சில நொடியில் ஒரு வட்டத்தை நறுக்கும். கடைசி நரம்பு அறுபடும்போதே சிறகு ஓடத் தொடங்கிவிடும். துண்டு விடுபட்டதும் அதை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பச்சைக் கம்பளம் ஒன்று தானே பறப்பதுபோல் போகும். எங்கே போகிறது என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் ஆணி ஓட்டையோ பழைய குழாயின் வாயோ ஏதோ ஓர் இடத்தில் அதன் கூடு இருக்கும். இலையைச் சுருட்டி அறை செய்து, உள்ளே மகரந்தம் வைத்து, முட்டையிட்டு மூடும். ஓர் அறைக்கே பல துண்டு வேண்டும் என்பதால் திரும்பத் திரும்பச் செடிக்கு வந்துகொண்டே இருக்கும். கூட்டின் வாயிலுக்கு ஒரு விரற்கடை முன்னால் ஃபோகஸ் வையுங்கள். அடுத்த துண்டோடு சில நிமிடத்தில் வந்துவிடும்.